உராய்வு, வைரஸ், ஃபார்மட்

1

சில சொற்கள் விசாரணையைத் தொடங்கிவைக்கின்றன. சில சொற்கள் அதை முடித்துவைக்கின்றன. கந்தக பூமி என்று பெயர்பெற்ற எங்கள் விருதுநகர் மாவட்டத்தில் இரண்டாம் வகைச் சொல் ஒன்று நெடுங்காலமாகப் புழக்கத்தில் இருக்கிறது. உராய்வு என்பது அச்சொல். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில் பட்டாசு ஆலையொன்றில் விபத்து நேர்ந்தால், மறுநாள் செய்தித்தாளின் மூன்றாவது வரியில் அது வந்து அமர்ந்துவிடும். மருந்து கலக்கும்போது உராய்வு. மணிமருந்தை அள்ளும்போது உராய்வு. வேதியியல்படி இதில் பொய்யேதும் இல்லை. கலவை உராய்வால் தீப்பற்றக்கூடியதுதான். ஆனால் கேட்கப்பட வேண்டிய கேள்விகள் வேறு. அந்த அறையில் எத்தனை பேர் இருந்தார்கள்? எத்தனை பேருக்கு அனுமதி? அன்று கலந்த மருந்தின் அளவு என்ன? உரிமம் பெற்றவர்தாம் ஆலையை நடத்தினாரா, அறை அறையாக உள்குத்தகைக்கு விட்டிருந்தாரா? 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் 35-க்கும் மேற்பட்டோர் மாண்டபோதும், 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் 19-க்கும் மேற்பட்டோர் மாண்டபோதும் இத்தகைய கேள்விகள் எழுந்தன. பிறகு அடுத்த தீபாவளிக்கான வேலை தொடங்கியது.

இக்கட்டுரை பட்டாசு ஆலைகளைப் பற்றியதன்று. மனித உயிரையும் கணினிக் கோப்பையும் ஒரே தராசில் வைக்கும் அளவுக்கு நாங்கள் மதிகெட்டவர்களும் அல்லர். ஆனால் காரணம் கேளாத பழக்கம் ஓரிடத்தில் வேரூன்றிவிட்டால் அது அந்த ஓரிடத்தோடு நிற்பதில்லை. எங்கள் ஊர்க் கணினிக் கடைகளில் உராய்வுக்கு ஈடாக ஒரு சொல் இருக்கிறது: வைரஸ். அதற்கான பரிகாரமும் உடனே சொல்லப்படும்: ஃபார்மட். இவ்விரு சொற்களால் தமிழ் இலக்கியத்துக்கு நேர்ந்துள்ள சேதத்தைப் பற்றியே இங்கே பேச விரும்புகிறோம்.

2

சென்ற ஆண்டு ஆடி மாதம் சிவகாசி அச்சகம் ஒன்றிலிருந்து எங்கள் குழுவினர்க்கு அழைப்பு வந்தது. நின்றுபோன சிற்றிதழ் ஒன்றின் இதழ்களும், அதை நடத்தியவர்கள் வெளியிட்ட சில நூல்களும் அங்கேதான் வடிவமைக்கப்பட்டன. அந்தக் கணினியை அச்சகத்தார் எடைக்குப் போடவிருந்தனர். வேண்டுமானால் கோப்புகளை எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். ஆடி 18-இல் அடுத்த ஆண்டு நாட்காட்டிகளுக்கான ஆல்பத்தை வெளியிடுவது சிவகாசி அச்சகங்களின் வழக்கம். அதன்பின் மார்கழி வரை அவர்களுக்கு மூச்சுவிட நேரமிராது. அந்நெருக்கடிக்கு இடையிலும் எங்களை நினைத்து அழைத்த அந்த நல்ல மனத்துக்கு முதலில் நன்றி.

கணினியில் விண்டோஸ் 7 இருந்தது. அதற்கான மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2020 ஜனவரி 14-இலேயே முடிந்துவிட்டது. சிற்றிதழின் பெயரிட்ட கோப்புறையைத் திறந்தோம். பச்சைக் கோடு பாதிவரை ஊர்ந்தது. சாளரம் வெளிறியது. எக்ஸ்ப்ளோரர் செயலிழந்துவிட்டது என்று ஆங்கிலத்தில் ஒரு பெட்டி தோன்றியது. அதை மூடியதும் கீழேயிருந்த பணிப்பட்டை மறைந்தது, மேசைத்திரையின் சின்னங்கள் மறைந்தன, சில நொடிகளில் எல்லாம் திரும்பி வந்தன. மீண்டும் திறந்தோம், மீண்டும் விழுந்தது. எட்டு முறை திறந்தோம். எட்டு முறையும் விழுந்தது.

அச்சகத்துக்கு வழக்கமாக வரும் பழுதுபார்ப்பு இளைஞர் வரவழைக்கப்பட்டார். மரியாதையானவர், வேலை தெரிந்தவர். ஒருமுறை பார்த்தார். "வைரஸ் அண்ணாச்சி. ஃபார்மட் அடிச்சிருவோம். டி டிரைவ்ல இருக்கறதுக்கு ஒண்ணும் ஆகாது" என்றார்.

அந்த ஒற்றை வாக்கியத்தில் மூன்று கூற்றுகள் இருக்கின்றன. மூன்றையும் நாங்கள் மறுக்கிறோம். மூன்றாவது கூற்றே மிகவும் ஆபத்தானது. அதைப் பின்னர்ப் பார்க்கலாம்.

3

கோப்பு மேலாளர் என்பது என்ன என்பதில் நம்மிடையே ஒரு தவறான எண்ணம் நிலவுகிறது. நூலகத்து அட்டவணைப் பெட்டியைப் போல, உள்ளே இருப்பவற்றின் பெயர்களை மட்டும் அது சொல்கிறது என்று நினைக்கிறோம். ஒரு காலத்தில் அது உண்மை. 1986-இல் வந்த நார்ட்டன் கமாண்டரும், விண்டோஸ் 3 காலத்து ஃபைல் மேனேஜரும் ஏறத்தாழ அவ்வாறே இருந்தன. 1995-இல் விண்டோஸ் 95-உடன் எக்ஸ்ப்ளோரர் வந்தது. கோப்புறைச் சாளரம், பணிப்பட்டை, மேசைத்திரை ஆகிய அனைத்தையும் ஒரே நிரல் கவனிக்கும் ஏற்பாடு அது. கோப்புறை ஒன்று விழுந்தால் பணிப்பட்டையும் உடன்கட்டை ஏறுவது இதனால்தான்.

அதோடு முடியவில்லை. நாம் நிறுவும் மென்பொருள்கள் எக்ஸ்ப்ளோரருக்குள் தத்தம் ஆட்களைக் குடியமர்த்துகின்றன. இவற்றை நீட்சிகள் என்கிறார்கள். வலச்சொடுக்குப் பட்டியலில் ஒரு வரியைச் சேர்ப்பது ஒரு நீட்சி. படக்கோப்பின் உள்ளடக்கத்தைச் சிறுதோற்றமாக வரைந்துகாட்டுவது இன்னொன்று. கோப்புச் சின்னத்தின் மூலையில் பச்சைக் குறியிடுவது மற்றொன்று. சுருக்கு மென்பொருள், வரைகலை மென்பொருள், நச்சுநிரல் எதிர்ப்பு மென்பொருள், அச்சுப்பொறியோடு வந்த குறுந்தகடு என ஒவ்வொன்றும் தன் பங்குக்கு ஒருவரை உள்ளே அனுப்பும். அவர்களில் ஒருவர் தடுமாறி விழுந்தால் எக்ஸ்ப்ளோரர் விழுகிறது. பழி எக்ஸ்ப்ளோரர்மேல் விழும். அல்லது பெயரில்லாத வைரஸின்மேல் விழும்.

ஆகவே கோப்புறையைத் திறப்பது என்பது பார்ப்பது மட்டுமன்று. சிறுதோற்றம் வரைவதற்காக ஒவ்வொரு கோப்பும் திறக்கப்படுகிறது, அதன் உள்ளடக்கம் படிக்கப்படுகிறது, அதற்கென எழுதப்பட்ட நிரல் இயக்கப்படுகிறது. நாம் ஒரு கோப்பையும் சொடுக்காமலே இத்தனையும் நடக்கும். 2010-இல் கண்டறியப்பட்ட ஸ்டக்ஸ்நெட் இந்த வாசல் வழியாகத்தான் நுழைந்தது. குறுவழிக் கோப்பின் சின்னத்தை எக்ஸ்ப்ளோரர் திரையில் காட்ட முற்பட்டதே அந்த நிரல் ஓடுவதற்குப் போதுமானதாக இருந்தது. ஈரானின் நத்தான்ஸ் அணு நிலையம் வரை அது சென்றது.

வைரஸ் ஏதுமின்றியும் இத்தகைய வீழ்ச்சி நேரும். அதற்கான சான்று நம் பக்கத்து மொழியிலேயே இருக்கிறது. 2018 பிப்ரவரியில், ஒரு தெலுங்குக் கூட்டெழுத்தைத் திரையில் காட்ட முயன்றாலே ஆப்பிள் கைப்பேசியின் செயலிகள் விழுந்தன. அக்கூட்டெழுத்தை அடுக்கிக் காட்டும் நிரலில்தான் பிழை இருந்தது. அதே மாதத்தில் திருத்தம் வந்தது. அன்று எவரேனும் தெலுங்கு வைரஸ் என்று முடிவுகட்டிக் கைப்பேசிகளைத் துடைத்தெறிந்திருந்தால், தெலுங்கர்கள் சிரித்திருப்பார்கள். நாமோ அதையொத்த முடிவைத்தான் ஒவ்வொரு வாரமும் கட்டணம் கொடுத்து வாங்கிக்கொள்கிறோம்.

4

பட்டாசு ஆலையைச் சாலையிலிருந்து பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். அது ஒரே பெரிய கட்டடமாக இராது. பரந்த பொட்டலில் சின்னஞ்சிறு அறைகள் இடைவெளி விட்டு நிற்கும். ஓர் அறையில் இத்தனை பேருக்கு மேல் இருக்கக் கூடாது, இவ்வளவு மருந்துக்கு மேல் வைக்கக் கூடாது, அறைக்கும் அறைக்கும் இவ்வளவு தூரம் வேண்டும் என்றெல்லாம் விதிகள் உண்டு. தீ என்றேனும் பற்றும் என்பதை ஒப்புக்கொண்டவர்கள் எழுதிய விதிகள் அவை. பற்றினால் ஓர் அறையோடு போகட்டும் என்பது அவற்றின் பொருள்.

கணினியியலில் இதே சிந்தனைக்கு இடம் உண்டு. நம்பத்தகாத நிரலைத் தனிச் செயலாக, தனி நினைவகப் பரப்பில் ஓடவிட்டால், அது விழும்போது மற்றவை தப்பும். 2007-இல் விற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவிலிருந்து சிறுதோற்றம் வரையும் வேலையைத் தனி அறைக்கு மாற்றினார்கள். ஆனால் விதியோடு விலக்கையும் கையில் கொடுத்தார்கள். பழைய முறையில் எழுதப்பட்ட நீட்சிகளுக்கும், தனியறை வேண்டாம் என்று பதிந்துகொண்ட நீட்சிகளுக்கும் எக்ஸ்ப்ளோரரின் கூடத்திலேயே இடம் தரப்பட்டது. வலச்சொடுக்கு நீட்சிகள் அங்கேயே தொடர்ந்தன. 2021-இல் வெளியான விண்டோஸ் 11 பழைய வலச்சொடுக்கு வரிகளை இரண்டாம் தட்டுக்கு ஒதுக்கியதே தவிர, வெளியேற்றவில்லை. கோப்புறைச் சாளரங்களைத் தனிச் செயலாகத் திறக்கும் வசதி ஒன்று உண்டு. அது கோப்புறைத் தேர்வுகளின் பட்டியலில் ஒரு மூலையில், இயல்பாகக் குறியிடப்படாமல் கிடக்கிறது.

விதி எழுதியவர்களே விலக்கும் கொடுப்பது எங்கள் ஊர்க்காரர்களுக்குப் புதிதன்று. இதைச் சொல்லும்போது மென்பொருள் நிறுவனத்தை எளிதாக விட்டுவிட நாங்கள் தயாரில்லை. பெட்டி தோன்றி எக்ஸ்ப்ளோரர் செயலிழந்தது என்று அறிவிக்கும் அதே நொடியில், எந்தக் கூறு விழுந்தது என்பதைக் கணினி தன் நிகழ்வுப் பதிவில் எழுதிவிடுகிறது. 1000 என்ற எண்ணிட்ட பதிவு அது. விழுந்த நிரலின் பெயரும், அதை வீழ்த்திய கூறின் பெயரும் அதில் இருக்கும். அதாவது காரணம் அறியப்பட்டிருக்கிறது, எழுதப்பட்டும் இருக்கிறது. பயனரிடம் சொல்லத்தான் மனமில்லை. மூடவா, மீண்டும் தொடங்கவா என்ற கேள்வி மட்டும் அவருக்கு எஞ்சுகிறது. அந்த மௌனத்தில்தான் வைரஸ் என்ற சொல் குடிபுகுகிறது.

5

நாங்கள் செய்ததைச் சொல்கிறோம். இதில் வித்தை ஏதுமில்லை. எங்களில் எவரும் கணினிப் பொறியாளர் அல்லர். பிரதி ஒப்பிட்டுப் பாடபேதம் காணும் பொறுமை மட்டுமே எங்கள் முதலீடு.

முதலில் எதையும் சரிசெய்ய முற்படவில்லை, நகலெடுத்தோம். லினக்ஸ் உள்ள பென்டிரைவ் ஒன்றைச் செருகி அதிலிருந்தே கணினியைத் தொடங்கினோம். அங்குள்ள கோப்பு மேலாளருக்கு விண்டோஸ் நீட்சிகள் எவையும் தெரியாது. கோப்புறை சாதாரணமாகத் திறந்துகொண்டது. வன்தட்டு முழுவதையும், டி பகுதியோடு சி பகுதியையும் சேர்த்து, வேறொரு தட்டுக்கு மாற்றினோம். பழைய வன்தட்டு எந்த நேரமும் கைவிரிக்கக்கூடும். அதன் நலம் தெரியாத நிலையில் அதன்மேலேயே பரிசோதனை நடத்துவது பேதைமை.

இரண்டாவதாக, விண்டோஸுக்குத் திரும்பி, எல்லாக் கோப்புறைகளும் விழுகின்றனவா, இது ஒன்று மட்டுமா என்று பார்த்தோம். இது ஒன்றுதான் விழுந்தது. வைரஸ் கோட்பாடு இங்கேயே பாதி ஆட்டங்கண்டது. கோப்புறைத் தேர்வுகளில் சிறுதோற்றம் வேண்டாம், சின்னம் போதும் என்று குறித்துவிட்டு மீண்டும் திறந்தோம். விழவில்லை. ஆகவே பார்வையிடும் கூறுதான் விழுகிறது. கோப்புகளின் இருப்பு அன்று.

மூன்றாவதாக, எந்தக் கோப்பு என்று தேடினோம். கோப்புகளின் நகல்களைப் பாதியாகப் பிரித்து இரண்டு கோப்புறைகளில் இட்டு, சிறுதோற்றத்தை மீண்டும் இயக்கினோம். எந்தப் பாதி விழுகிறதோ அதை மறுபடியும் பாதியாக்கினோம். 1,024 கோப்புகளில் குற்றவாளி ஒன்றே என்றால் பத்துப் பிரிப்புகளில் அகப்பட்டுவிடும். எங்களுக்கு ஒன்பதே தேவைப்பட்டன. அகப்பட்டது ஓர் அட்டைப்பட வடிவமைப்புக் கோப்பு. அதே ஆண்டு அட்டைகளின் மற்றக் கோப்புகளோடு ஒப்பிட்டால் அதன் அளவு மிகச் சிறியதாக இருந்தது. நகலெடுக்கும்போது பாதியில் மின்சாரம் போயிருக்க வேண்டும் என்பது எங்கள் ஊகம். வால் அறுந்த கோப்பு அது.

நான்காவதாக, நிகழ்வுப் பதிவைப் படித்தோம். வீழ்த்திய கூறின் பெயர் அங்கே எழுதப்பட்டிருந்தது. எப்போதோ நீக்கப்பட்ட ஒரு வரைகலை மென்பொருள் விட்டுச்சென்ற சிறுதோற்ற நீட்சி அது. வீட்டைக் காலிசெய்தவர்கள் திண்ணையில் ஓர் ஆளை உட்காரவைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நிர்சாஃப்ட் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஷெல்எக்ஸ்வியூ என்ற சிறு கருவியால் அந்த நீட்சியை மட்டும் முடக்கினோம். கோப்புறை திறந்தது. அதன்பின் விழவே இல்லை.

அறுந்த கோப்பு, அதைச் சரிபார்க்காமல் படிக்கும் பழைய நீட்சி, இருவரையும் ஒரே கூடத்தில் வைத்த ஏற்பாடு. இம்மூன்றும் கூடிய இடத்தில் கணினி விழுந்தது. மூன்றில் எதை விலக்கியிருந்தாலும் விழுந்திராது. வைரஸ் என்ற சொல் இம்மூன்றில் ஒன்றையேனும் குறிக்கிறதா என்று வாசகர்களே சொல்லட்டும். எல்லாம் முடிய எங்களுக்கு ஆனது ஒரு பிற்பகல். அதில் பெரும்பொழுதும் நகலெடுக்கக் காத்திருந்ததுதான்.

ஒவ்வொரு வீழ்ச்சிக்கும் விடை நீட்சியிலேயே கிடைத்துவிடும் என்று நாங்கள் சொல்லவில்லை. நீட்சிகளை முடக்கியும் தீரவில்லை என்றால், புதுப் பயனர் கணக்கு ஒன்றைத் தொடங்கிப் பார்க்கலாம். அங்கே விழவில்லையெனில் கோளாறு பழைய கணக்கின் அமைப்புகளில் இருக்கிறது. இயங்குதளக் கோப்புகளைச் சரிபார்க்கும் கட்டளை விண்டோஸிலேயே உண்டு. நினைவகச் சோதனையும் வன்தட்டுச் சோதனையும் உண்டு. உண்மையாகவே நச்சுநிரல் இயங்குதளத்தின் வேர்வரை சென்றிருந்தால், எல்லாவற்றையும் நகலெடுத்தபின் துடைத்து நிறுவுவதே முறை. ஃபார்மட் ஒரு கடைசி மருந்து. நாங்கள் எதிர்ப்பது அதை முதல் மருந்தாக, நாடி பிடிக்காமல் புகட்டுவதை.

6

இப்போது அந்த மூன்றாவது கூற்றுக்கு வருவோம். டி டிரைவில் இருப்பதற்கு ஒன்றும் ஆகாது என்பது ஆங்கிலம் மட்டும் எழுதும் ஊரில் ஏறத்தாழ உண்மை. தமிழ் எழுதும் ஊரில் அது பொய். இதை நம் பதிப்புலகம் இன்னும் உணரவில்லை.

தொண்ணூறுகளிலும் அதற்குப் பின்வந்த பத்தாண்டிலும் தமிழ் நூல்களிற் பெரும்பகுதி பேஜ்மேக்கரில்தான் கோக்கப்பட்டது. 1985-இல் ஆல்டஸ் நிறுவனம் வெளியிட்ட மென்பொருள் அது; 1994-இல் அடோபியின் கைக்கு மாறியது; 2001-இல் வந்த ஏழாம் பதிப்போடு நின்றது. ஒருங்குறி அதற்குத் தெரியாது. 1991-இலேயே ஒருங்குறியில் தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது என்பது அச்சகங்களை எட்டப் பல்லாண்டுகள் ஆயின. இடைக்காலத்தில் நடந்தது இதுதான்: ஆங்கில எழுத்துகளுக்கு என ஒதுக்கப்பட்ட 256 இடங்களில் ஒவ்வோர் எழுத்துரு நிறுவனமும் தன் விருப்பம்போல் தமிழ் வடிவங்களைப் பொருத்திக்கொண்டது. ஓர் எழுத்துருவில் 'அ' இருக்கும் இடத்தில் இன்னொன்றில் வேறோர் எழுத்து இருக்கும். 1999-இல் தமிழக அரசு டாம், டாப் என்ற தகுதரங்களை அறிவித்தபின்னும் இந்தக் குழப்பம் அடங்கவில்லை.

இதன் விளைவு யாது? ஆங்கிலக் கோப்பின் எழுத்துரு தொலைந்தால் அழகு கெடும், வாசகம் நிற்கும். தமிழ்க் கோப்பின் எழுத்துரு தொலைந்தால் வாசகமே தொலையும். திரையில் ஆங்கில எழுத்துகளும் அடைப்புக்குறிகளும் கேள்விக்குறிகளும் கலந்த ஒரு குப்பை தெரியும். அக்காலத் தமிழ்க் கோப்பில் எழுத்துருதான் திறவுகோல். அந்த எழுத்துருக்கள் எங்கே குடியிருந்தன? விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் ஃபாண்ட்ஸ் என்னும் உட்கோப்புறையில். அதாவது சி டிரைவில். பூட்டிய பெட்டியைப் பத்திரமாக டி-யில் வைத்துவிட்டு, சாவி கிடந்த சி-யைத் தீயிலிடுவதற்குப் பெயர்தான் ஃபார்மட்.

நாங்கள் எடுத்த அந்த அச்சகக் கணினியின் எழுத்துருக் கோப்புறையில் தமிழ் எழுத்துருக்கள் நூற்றுக்கு மேல் இருந்தன. அவற்றில் சிலவற்றை வெளியிட்டவர் யாரென்று எழுத்துருவின் உள்ளேகூடக் குறிப்பில்லை. இணையத்தில் தேடினோம், சில அகப்படவில்லை. அந்தச் சிற்றிதழின் மூன்று இதழ்கள் அத்தகைய ஓர் எழுத்துருவில்தான் கோக்கப்பட்டிருந்தன. அன்று இளைஞர் சொன்னதைக் கேட்டிருந்தால் கோப்புகள் இருந்திருக்கும், இதழ்கள் இருந்திரா.

ராஜபாளையத்துக்குத் தெற்கே, சங்கரன்கோவில் பக்கம், கரிவலம்வந்தநல்லூர் என்றோர் ஊர் உண்டு. வரகுணபாண்டியனின் ஏடுகள் அக்கோயிலில் இருந்தன என்று கேள்விப்பட்டு உ.வே. சாமிநாதையர் அங்கே போனார். பழுதுபட்ட ஏடுகளை நெய்யில் தோய்த்துத் தீயில் ஆகுதி செய்துவிட்டதாக அவருக்குச் சொல்லப்பட்டது. சாத்திரம் அப்படிச் சொல்கிறதாம். அவர் பதிவுசெய்த இந்நிகழ்ச்சியைப் படிக்கும் ஒவ்வொரு தமிழ் ஆர்வலரும் பெருமூச்சு விடுகிறார். அந்தக் கோயில் ஊழியர்களைத் திட்டுகிறார். பிறகு தன் கணினி விழுந்ததும் கடைக்குத் தொலைபேசுகிறார். பழுதென்றால் தீயிலிடு என்ற சாத்திரம் இன்னும் வழக்கொழியவில்லை. நெய் மட்டும் மிச்சமாகிறது.

7

எங்களுக்கு எதிராகச் சொல்லப்படக்கூடியவற்றையும் எடுத்துக்கொள்வோம்.

கடைக்காரர் என்ன செய்வார், அவருக்கும் வயிறு உண்டு என்பார்கள். ஒப்புக்கொள்கிறோம். ஃபார்மட் என்றால் இத்தனை மணி நேரம், இவ்வளவு கட்டணம் என்று கணக்குச் சொல்லலாம். காரணம் தேடுவதென்றால் அரை மணியும் ஆகலாம், இரண்டு நாளும் ஆகலாம். தேடியதற்குக் கூலி தர நாம் தயாராக இல்லை. 'சும்மா பார்த்ததற்கா காசு' என்போம். ஆகவே எங்கள் வழக்கு அந்த இளைஞர்மேல் அன்று. நோயறிதலுக்குக் கூலி தராத நம்மேல்தான். ஆலைத் தொழிலாளியின் கவனக்குறைவைப் பேசிவிட்டு உரிமையாளரை விட்டுவிடும் செய்தியைப் போல, இங்கே நாமும் எழுதப் போவதில்லை.

அச்சிட்ட நூல் இருக்கிறதே, கோப்பு எதற்கு என்பார்கள். சிற்றிதழ்கள் சில நூறு பிரதிகள் அச்சிடப்பட்டவை. அவற்றிற் பல எங்கே இருக்கின்றன? ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் 1994-இல் தோன்றியது, கோட்டையூரில் ஒரு தனிமனிதர் எடைக்குப் போகவிருந்தவற்றைச் சேர்த்து வைத்திருந்ததால்தான். எல்லா ஊரிலும் ஒரு முத்தையா இருப்பார் என்று நம்பி உட்கார்ந்திருக்க முடியாது. கோப்பு கையில் இருந்தால் எழுத்துருவைக் கொண்டு ஒருங்குறிக்கு மாற்றலாம், தேடலாம், பிழை திருத்தலாம், மறுபதிப்புக்கு மீண்டும் தட்டச்சு செய்யும் செலவும் அதனால் நுழையும் புதுப் பிழைகளும் தவிரும். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களை எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்தார்கள். அவற்றுக்கு வேறு வழி இல்லை. முப்பது ஆண்டுகளுக்கு முன் கணினியிலேயே பிறந்த நூலையும் மீண்டும் தட்டச்சு செய்ய நேர்ந்தால் அது நம் அலட்சியத்துக்கு நாமே கட்டும் தண்டம்.

இதெல்லாம் எழுத்தாளன் வேலையா என்பார்கள். இதுதான் எங்களை மிகவும் சினமூட்டும் வாதம். எனக்குக் கணினி ஒன்றும் தெரியாது என்று மேடையில் சொல்லிக் கைதட்டல் வாங்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. அறியாமையை அடக்கம்போல் அணிந்துகொள்ளும் உத்தி இது. ஏட்டைப் பிரிக்கத் தெரியாது, கட்டத் தெரியாது, கறையானைத் தெரியாது என்று சொன்ன ஒருவர் பதிப்பாசிரியராகியிருக்க முடியுமா? ஊடகம் ஓலையாயிருந்தபோது ஓலையைக் கற்றார்கள். ஈயமாயிருந்தபோது அச்சுக்கோப்பவர் பக்கத்தில் உட்கார்ந்து மெய்ப்பு பார்த்தார்கள். இன்று ஊடகம் கோப்பாயிருக்கிறது. அதன் பெயரும் இடமும் எழுத்துருவும் அறிவது இலக்கியத்துக்குப் புறம்பான வேலையன்று.

கோப்பின் பெயரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தமிழிலேயே பெயரிட விரும்புகிறோம், இடுக. ஆனால் 'சிவகாசி' என்பது நம் கண்ணுக்கு நான்கு எழுத்து. ஒருங்குறியில் அது ஏழு குறியீடுகள். கோப்புறைக்குள் கோப்புறையாக நீண்ட தமிழ்ப் பெயர்களை அடுக்கினால், விண்டோஸ் வழக்கமாக ஏற்கும் 260 என்ற வரம்பை வெகு சீக்கிரம் தாண்டிவிடுவோம். அப்போது கோப்பு நகராது, அழியாது, சில செயலிகளில் திறக்காது. அதையும் வைரஸ் என்றே சொல்வார்கள்.

8

குறைகூறிவிட்டு எழுந்துபோவது எங்கள் நோக்கமன்று. பதிப்பாளர்களிடமும் இதழாளர்களிடமும் அச்சக உரிமையாளர்களிடமும் நான்கு வேண்டுகோள்களை வைக்கிறோம்.

நூல் அச்சாகி முடிந்ததும் வடிவமைப்புக் கோப்போடு அதில் பயன்பட்ட எழுத்துருக்களையும் சேர்த்து ஒரே கோப்புறையாக அச்சகத்திடம் கேட்டு வாங்குங்கள். ஆசிரியருக்கு இருபது பிரதி தருவதைப் போல இதுவும் ஒப்பந்தத்தில் ஒரு வரியாகட்டும்.

கோப்பு மேலாளர் விழுந்தால் முதல் வேலை நகலெடுப்பது. இரண்டாம் வேலை நிகழ்வுப் பதிவைப் படிப்பது. இவ்விரண்டும் நடக்காமல் எவரையும் ஃபார்மட் செய்ய அனுமதிக்காதீர்கள். என்ன காரணம் என்று கேளுங்கள். வைரஸ் என்றால், எந்த வைரஸ், எந்தக் கோப்பில் என்று கேளுங்கள்.

காரணம் தேடும் பழுதுபார்ப்பவருக்கு அதற்கெனத் தனிக் கூலி கொடுங்கள். காரணத்தை ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். அடுத்தமுறை விழும்போது அந்தத் தாள் உதவும்.

நான்காவது, சிவகாசி, திருத்தங்கல், சாத்தூர், கோவில்பட்டி வட்டார அச்சகத்தார்க்கு. உங்கள் பழைய கணினிகள் பழுதடைந்து மூலையில் கிடக்கலாம். எடைக்காரர் வருமுன் எங்களுக்குச் சொல்லுங்கள். கணினி வேண்டாம், திரை வேண்டாம், விலைபோகும் எதுவும் எங்களுக்கு வேண்டாம். சி டிரைவில் இருக்கும் எழுத்துருக் கோப்புறை மட்டும் போதும். அடுத்த பேருந்தில் வந்து நகலெடுத்துக்கொள்கிறோம்.